ஆசிட் கடித்த மூலை

மை இன்னும் கொஞ்சம் இளக வேண்டும். இழுக்கிறது. தகட்டில் இருக்கிற கோடுகளுக்குள் இறங்காமல் மேலேயே முரண்டு பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், விட்டேனா இல்லையா, விட்டதாகத்தான் நினைக்கிறேன், புட்டி திறந்து கிடக்கிறது, ஆனால் புட்டி காலையிலிருந்தே திறந்துதான் கிடக்கிறது. பத்து நிமிடத்துக்கு முன் செய்த காரியமே நிச்சயமில்லை, இந்த அழகில் முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் இந்தத் தகட்டைச் செய்தது நான்தான் என்று சாட்சி சொல்லப் போகிறாளாம் எஸ்தர் குணவதி. யாரிடம்? வெளியே மின்விசிறிக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிற பத்மினி அம்மாவிடம். ஓவியர் வரதப்பனின் ஒரே மகளிடம். அம்மா, இது உங்கள் அப்பா செய்தது இல்லை, நான் செய்தது. அவ்வளவுதான், ஒரே வாக்கியம். சொல்வதென்றால் இன்றைக்கே சொல்ல வேண்டும். முதல் பிரதியை இப்போது எடுக்கப் போகிறேன், அதைப் பார்த்து அவர் சரி என்று தலையாட்டினால் இன்னும் இருபது பிரதிகள் போடுவோம், ஒவ்வொன்றின் கீழும் வரதப்பன் என்று முத்திரை விழும், அதன் பிறகு தொழிலில் வழக்கமாகச் செய்கிறபடி தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கிழித்துவிடுவோம், இனி யாரும் இதிலிருந்து பிரதி எடுக்கக் கூடாது என்பதற்காக. கோடு விழுந்த தகடு செத்த தகடு. அப்புறம் அது யாருடையது என்று யார் கேட்டு என்ன ஆகப் போகிறது. கொஞ்சம் எண்ணெய் விடுகிறேன். ஏற்கெனவே விட்டிருந்தால் இப்போது அதிகமாகிவிடும். பரவாயில்லை, விடுகிறேன்.

வரதப்பனை நான் பார்த்ததே இல்லை. நான் கலைக் கல்லூரியில் சேர்வதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய அச்சுப் படங்கள் ஒரு நாற்பது, அச்சுப் பிரிவின் இரும்பு அலமாரியில் நாப்தலின் உருண்டை வாசனையோடு கிடந்தன. எங்களுக்குப் பாடம் என்றால் அதுதான். அலமாரியைத் திற, ஒரு படத்தை எடு, அதைப் பார்த்து அப்படியே தகட்டில் கீறு, ஆசிட்டில் போடு, அச்செடு, மூலத்துக்குப் பக்கத்தில் வைத்து எங்கே கோட்டை விட்டாய் என்று பார், மறுபடியும் செய். சொந்தமாக ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டால், சொந்தமாகச் செய்ய உன்னிடம் என்ன இருக்கிறது என்பார்கள். கேள்வி நியாயமானதுதான், இருபத்திரண்டு வயதில் என்னிடம் என்ன இருந்தது, பெரம்பூரில் ஒரு வாடகை வீடு, ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அப்பா, நாலு சேலை. வரதப்பன் மட்டும் என்னவாம், அவரும் அப்படித்தான் கற்றார், முந்நூறு வருடத்துக்கு முந்தைய டச்சுக்காரர் ஒருவரின் படங்களைப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்துக் கீறியவர்தான், சூளை வட்டாரத்தில் இருந்த தன் வீட்டு முற்றத்தை அவர் கீறிய படத்தில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்தாலே தெரியும், அது சூளை வெளிச்சம் இல்லை, குளிர் நாட்டு வெளிச்சம். ஆனால் வரதப்பனை யாரும் டச்சுக்காரரின் நகல் என்று சொல்லவில்லை. என்னைச் சொன்னார்கள். தொண்ணூற்று மூன்றில் நான் வைத்த ஒரே கண்காட்சியைப் பார்த்துவிட்டு ஒரு பத்திரிகையில் எழுதினார்கள், கை இருக்கிறது, ஆனால் வரதப்பனின் கை. அந்த நறுக்கைக் கிழித்துப் போட்டேன், அப்புறம் ஒட்டி வைத்தேன், இப்போது எங்கே இருக்கிறதோ. அதற்குப் பிறகு நான் சொந்தமாகக் கண்காட்சி எதுவும் வைக்கவில்லை. மற்றவர்களின் தகடுகளுக்கு அச்செடுத்துக் கொடுக்கிறேன். அச்சுக் குணா என்றால் இந்தச் சென்னையில் தெரியாத ஓவியர் கிடையாது. வரதப்பன் தகடுகளா, குணாவைக் கூப்பிடு, அவர் கையை அவரைவிட நன்றாக அறிந்தவள் அவள்தான். சந்தோஷம்தான். கோபமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதால் எதைக் காட்டுவது என்று தெரியாமல் எப்போதும் சிரித்துவைப்பேன்.

இனி துடைக்க வேண்டும். மஸ்லின் துணியைப் பந்தாகச் சுருட்டி, வட்டம் வட்டமாக, மேலே இருக்கிற மை போக வேண்டும், பள்ளத்தில் இருக்கிற மை நிற்க வேண்டும், ரொம்ப அழுத்தினால் பள்ளத்திலிருந்தும் வந்துவிடும். துடைக்கத் துடைக்க முற்றம் வெளிவருகிறது. செங்கல் சுவர், கொடியில் ஒரு வேட்டி, கைபம்பு. தகட்டில் பம்பு இடது பக்கம். ஆகவே காகிதத்தில் வலது பக்கம் விழும். இங்கேதான் என் முதல் சந்தேகம் ஆரம்பித்தது, இரண்டு மாதத்துக்கு முன், பத்மினி அம்மா அப்பாவின் தகடுகள் இருந்த டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு. ஒரு படத்தைப் பார்த்தபடியே தகட்டில் கீறினால் அச்சில் இடவலம் மாறிவிடும், அதனால் மெல்லிய காகிதத்தில் நகல் எடுத்து, காகிதத்தைப் புரட்டிப் போட்டுத்தான் கீற வேண்டும். புரட்ட மறக்காத மாணவர் கிடையாது. சோறு தின்கிறவர் இடது கையால் தின்பார், புடவைத் தலைப்பு தோள் மாறிவிடும், கடிகாரம் பின்னோக்கி ஓடும், வகுப்பே சிரிக்கும். அலமாரியில் இருந்த வரதப்பனின் முற்றத்தில் பம்பு இடது பக்கம் இருந்தது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைப் பார்த்துக் கீறி, புரட்ட மறந்த ஒருத்தி செய்தால்தான் வலது பக்கம் போகும். அந்த ஒருத்தி நான். நிச்சயமாக என்றா சொன்னேன். அலமாரி, படங்கள் எல்லாம் பெருவெள்ளத்தில் போய்விட்டன. பார்ப்பதற்கு இருப்பது அறுபத்திரண்டில் நடந்த ஒரு கண்காட்சியின் துண்டுப் பிரசுரம், அதில் தபால்தலை அளவுக்கு ஒரு படம், பம்பு இடது பக்கம்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்தில் அச்சுக்கு பிளாக் செய்கிறவர்கள் படத்தைத் திருப்பிப் போடுவது சர்வ சாதாரணம். அல்லது வரதப்பனே தன் முதல் படத்தைப் பார்த்து இரண்டாவது தகடு ஒன்றைக் கீறியிருக்கலாம். புரட்ட மறப்பதற்கு மாணவியாகத்தான் இருக்க வேண்டுமா என்ன. இப்படி யோசித்துக்கொண்டே போனால் கடைசியில் நானே யாரோ கீறின நகல் என்று முடியும் போலிருக்கிறது.

ஆனால் பம்புக்குப் பக்கத்து மூலை. அந்த மூலையைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது, கிடையாது என்றால் நேற்றுவரை கிடையாது. துண்டுப் பிரசுரத்தில் அந்த மூலை வெறும் கறுப்பு. அலமாரிப் படத்திலும் அங்கே ஒன்றும் இல்லை, நிழல்தான், நெருக்கமான குறுக்குக் கோடுகள். இந்தத் தகட்டில் அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது பத்து வயது, இரட்டைப் பின்னல், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி. அவளை எப்படிக் கொண்டுவந்தேன் என்று எனக்குத் தெரியும். தகட்டின் மேல் மெழுகு பூசி, அதைக் கீறி, ஆசிட் தட்டில் போட்டால் கீறின இடத்தை மட்டும் ஆசிட் கடிக்கும். கடிக்கும்போது குமிழ் குமிழாக வரும், அதை ஒரு பறவை இறகால் மெல்லத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் குமிழ் தங்கிய இடத்தில் கடி கோணலாகும், சில சமயம் மெழுகே பெயர்ந்துவிடும். அன்றைக்கு நான் இறகைப் போடவில்லை. துரைக்கண்ணு, என் வகுப்புத் தோழன், இப்போது இந்தப் பட்டறையை நடத்துகிறானே அவன்தான், என் டிபன் பாக்ஸைத் திறந்து புளிசாதத்தைப் பாதி தின்றுவிட்டான், அதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தட்டிலிருந்து மஞ்சளாய்ப் புகை, மூலையில் மெழுகு பெயர்ந்து, உள்ளங்கை அளவுக்கு ஆசிட் தின்றுவிட்டிருந்தது. தொட்டால் பள்ளம். நிழல் கோடுகள் எல்லாம் போயே போய்விட்டன. அழுதேன். தகட்டுக்குக் காசு கொடுத்தது அப்பாவின் ஓவர்டைம். தூக்கிப் போட மனசு வராமல் இரண்டு நாள் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள் அது யாரோ குந்தியிருக்கிற மாதிரி தெரிந்தது. சுற்றிலும் ஊசியால் கொஞ்சம் தேய்த்தேன், பின்னல் இரண்டு போட்டேன், பாவாடை மடிப்பு. அரை மணி நேர வேலை. யாருடைய படத்தையும் பார்க்காமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான், பார்க்கப்போனால் முப்பத்தெட்டு வருடத்தில்.

"பேப்பர் ரெடி குணா. ஈரம் சாஸ்தியா இருந்துச்சு, பிளாட்டிங் பேப்பர் நடுவுல வெச்சு அழுத்தியிருக்கேன்." துரைதான், வாசலில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறான், வழுக்கையில் வியர்வை.

"துரை, மூணாவது வருஷம் ஆசிட் தட்டுல ஒரு தகடு பாழாச்சே, மூலையில மெழுகு பேந்துபோயி. ஞாபகம் இருக்கா?" நேற்றும் இதையேதான் கேட்டேன். நேற்று சொன்ன பதிலை இன்றைக்கு மாற்றிச் சொல்வானோ என்று ஒரு நப்பாசை.

"நேத்தே சொன்னேனே. மறக்குமா அது? நான்தானே திட்டு வாங்கினேன்."

"நீ எதுக்கு வாங்கினே?"

"இன்னா கேள்வி இது, என் தகடாச்சே. நீ தொணதொணன்னு பேசிக்கினே இருந்தே, நான் எறக போட மறந்துட்டேன். எலுமிச்ச சாதம். இன்னிக்கும் நாக்குல இருக்கு."

"புளிசாதம்."

"எலுமிச்ச சாதம் குணா. புளிசாதம்லாம் உங்க வீட்டுல பண்ணவே மாட்டாங்க. இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்? மூலையில பாத்துத் தொடச்சுடு, மை தேங்கும்." போய்விட்டான்.

புளிசாதம் எங்கள் வீட்டில் செய்வார்கள். ஈஸ்டருக்கு அடுத்த நாள் செய்வார்கள். ஆனால் எலுமிச்சை சாதமும் செய்வார்கள், அதுதான் அடிக்கடி, அம்மாவுக்கு அது சுலபம். அவன் அத்தனை திடமாகச் சொல்கிறபோது எனக்கு நாக்கில் எலுமிச்சைதான் புளிக்கிறது. அவன் தகடா? அவனுடைய தகட்டின் மூலை பாழாகி, அவன் தூக்கிப் போட்டதை நான் எடுத்து அந்தப் பெண்ணைப் போட்டேனா? அல்லது அவன்தான் போட்டானா, நான் பார்த்துக்கொண்டிருந்தேனா? பார்த்துக்கொண்டே இருந்ததை நானே செய்ததாக நினைப்பது எனக்கு வாடிக்கைதான், என் பிழைப்பே அதுதானே, அடுத்தவர் கையைப் பார்த்து அந்தக் கையாகிவிடுவது. அல்லது துரைக்கு எல்லாம் தெரியும், வேண்டுமென்றே குழப்புகிறான். தெரிந்திருக்கத்தான் வேண்டும். அவன் தலையில்தான் இந்த வரதப்பன் கண்காட்சியின் பொறுப்பு முழுவதும் இருக்கிறது, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, அட்டையில் இதே படம், பத்மினி அம்மா வீட்டுச் சுவரில் தொங்குகிற பழைய மங்கல் பிரதியைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். முகவுரை எழுதிய பேராசிரியர் அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார், வரதப்பன் தன் வாழ்நாள் முழுவதும் தேடியது இந்த ஒரு முதுகில் கிடைத்துவிட்டது என்று. படித்தபோது காது சூடாகிவிட்டது. பஸ்ஸில் இருந்தேன், பக்கத்தில் இருந்த அம்மாளிடம் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது, இதோ பாருங்கள், என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இது என்னுடையது என்கிறேனோ? ஒரு பக்கம் புகழ்ந்து எழுதினார்கள் என்றதும்தான் எனக்கு ஞாபகம் வந்ததோ? இல்லை, பெட்டியைத் திறந்த அன்றைக்கே தெரிந்தது, முகவுரை அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. மூன்று வாரமா, ஒரு வாரமா? கடவுளே, எனக்கு நாட்கள்கூட வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறது. இப்போது சொன்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியாதா எனக்கு. பாவம், வாழ்நாள் பூரா அவர் படத்தையே காப்பி அடித்தாளே, கடைசியில் அவர் படத்தையே தன் படம் என்கிறாள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. என்னிடம் இருக்கிற ஒரே ஒரு படம் இன்னொருவர் பெயரில் போய்விடும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லும்போது எளிதாக இருக்கிறது, நெஞ்சில் அப்படி இல்லை.

பத்மினி அம்மா மட்டும் இல்லையென்றால் சொல்லிவிடுவேன். பேராசிரியரைப் பற்றி எனக்கு என்ன கவலை, அவர் வேறு ஒரு முதுகைக் கண்டுபிடித்துக்கொள்வார். பெட்டியைத் திறந்த அன்றைக்கு அந்த அம்மாள் மற்ற பத்துத் தகடுகளைச் செய்தித்தாளோடு அப்படியே மேசையில் வைத்துவிட்டு இதை மட்டும் மடியில் வைத்துப் பிரித்தார். தொலைபேசி நிலையத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சில் ஒரு கறார் இருக்கும், வார்த்தையை எண்ணித்தான் விடுவார். அன்றைக்குப் பேசிக்கொண்டே போனார். "எங்கப்பா என்னைத் திட்டினதும் கிடையாது, கொஞ்சினதும் கிடையாதும்மா. நான் ஒருத்தி இருக்கேன்கிறதே அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆபீஸ், விட்டா தகடு. நான் பம்புக்குப் பக்கத்துல போய் உக்காந்துப்பேன், அங்க உக்காந்தா அவர் வேலை செய்யற ஜன்னல்ல இருந்து தெரியும். ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்ல. தொண்ணூத்தி நாலுல காலேஜ்ல இருந்து கூப்பிட்டு, உங்கப்பா தகடெல்லாம் இங்க கெடக்குது, வந்து எடுத்துட்டுப் போங்கன்னாங்க. வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா பாக்கறேன், இதுல நான் உக்காந்திருக்கேன். இதோட சேத்து மங்கலா ஒரு பிரதியும் இருந்துச்சு, அதை ஃப்ரேம் போட்டு மாட்டிட்டேன். பார்த்திருக்காரு பாருங்க. சொல்லலையே தவிர, பார்த்திருக்காரு." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்மா, கல்லூரிக்காரர்கள் தகடுகளைப் பொறுக்கிப் போட்டபோது மாணவர்கள் செய்ததும் ஒன்று கலந்துவிட்டது, என்று அந்த நிமிடமே சொல்லியிருந்தால் சின்ன விஷயமாகப் போயிருக்கும். நான் சிரித்துவைத்தேன். பிறகு டீ வந்தது. எத்தனையோ சொல்ல வேண்டிய விஷயங்கள் டீ வந்ததால் எனக்குள்ளேயே தங்கிவிட்டன. முப்பது வருடமாக அந்த அம்மாள் சுவரில் தன் அப்பாவின் பார்வையை மாட்டி வைத்திருக்கிறார். அது பார்வை இல்லை, இறகு போட மறந்த ஒருத்தியின் கவனக்குறைவு என்று நான் போய்ச் சொல்ல வேண்டுமாம். ஆனால் அவர் உட்கார்ந்ததும் உண்மைதானே, பம்புக்குப் பக்கத்தில் ஒரு பெண் தினமும் உட்கார்ந்தாள், வரதப்பன் அந்த மூலையில் வெறும் நிழலைப் போட்டார், அவள் இருந்த இடத்திலேயே நிழலைப் போட்டிருக்கிறார், பிறகு நான் எங்கிருந்தோ வந்து, ஒன்றுமே தெரியாமல், அதே இடத்தில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். இதை என்னவென்று சொல்வது. அப்படியானால் அது வரதப்பன் படமும் இல்லை, என் படமும் இல்லை, அந்த அம்மாளின் படம். எனக்கு லேசாகத் தலை சுற்றுகிறது. காலையில் இரண்டு இட்லிதான் சாப்பிட்டேன்.

கடைசித் துடைப்பு உள்ளங்கையால். துணியில் வராத பளபளப்பு கையில்தான் வரும், சுண்ணாம்புத் தூளைத் தொட்டுக்கொண்டு, பட்டும் படாமலும், சர் சர்ரென்று. அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெயில் கை கழுவுவார், என் கையைப் பிடித்துப் பார்த்து, ஏண்டி உன் கை என் கையைவிடக் கறுப்பா இருக்கே என்பார், அவர் பெருமைப்பட்டாரா வருத்தப்பட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூலை வந்துவிட்டது. கை இறங்குகிறது. மற்ற இடங்களில் கோடுகள் விரல் ரேகை போல நெருடும், இங்கே சின்னக் குழி, நடுவில் வழவழப்பு, ஓரத்தில் ஒரு வரப்பு. கைக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிகிறது, இந்த வரப்பை ஊசியால் தேய்த்துத் தேய்த்து மழுக்கிய கை இதுதான், மழுக்கியும் போகாமல் ஒரு முனை நின்றுவிட்டது, இதோ இருக்கிறது. அல்லது இந்த இரண்டு மாதத்தில் இதை நூறு தடவை தொட்டுத் தொட்டுப் பழகியதால் அப்படித் தோன்றுகிறதா? கையையும் நம்ப முடியாதென்றால் நான் எதை நம்புவது. தகட்டின் விளிம்பைத் துணியால் சுத்தம் செய்தேன். பிரஸ்ஸின் பலகையில் வைத்தேன். துரை எடுத்து வைத்த காகிதத்தை இரு முனையிலும் பிடித்துத் தூக்கி, ஈரம் கன்னத்தில் பட வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது, இதையாவது சரியாகச் செய்திருக்கிறான். மேலே கம்பளி இரண்டு. சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினால் கனமான உருளைக்கு அடியில் எல்லாம் மெதுவாகப் போகும். நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் காகிதத்தில் கோடு விழும். ஆகவே சொல்வதென்றால் சுற்றுவதற்கு முன் சொல்ல வேண்டும், அல்லது சுற்றிய பின். கூப்பிடட்டுமா? அம்மா, ஒரு நிமிஷம் உள்ளே வாங்க. தொண்டை வரைக்கும் வருகிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"ஆச்சாம்மா?" உருளை நின்றதும் பின்னால் குரல். பத்மினி அம்மா உள்ளே வந்துவிட்டார், கையில் காலி டம்ளர், அதை எங்கே வைப்பதென்று தேடுகிறார். துரை ஓடிவந்து வாங்கிக்கொண்டான். நான் கம்பளியை மடித்தேன். காகிதத்தின் ஒரு முனையைப் பிடித்து மெல்ல உரித்தேன். முற்றம் வந்தது. சுவர், வேட்டி, பம்பு. கடைசியாக அந்த மூலை, கறுப்புக்குள் சாம்பல் வெளிச்சமாக அவள். எண்ணெய் அதிகமாகவில்லை. அழகாக விழுந்திருக்கிறது. பெருமையாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது, அழுகை வரும்போல இருக்கிறது.

மேசையில் வைத்தேன். பத்மினி அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். துரை பின்னால் நின்று, "எப்படி வந்திருக்கு பாருங்கம்மா, உங்க வீட்டுல இருக்கறது இதுக்கு முன்னால நிக்காது," என்றான். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். சரி என்று சொல்லப் போகிறார், சொன்னதும் முத்திரை, சொன்னதும் இருபது, நான் வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் முதல் வார்த்தை அம்மா என்றுதான் வரும், அதற்கு அடுத்த வார்த்தை என்ன என்று தெரியவில்லை.

"குணா, உங்களை ஒண்ணு கேக்கணும்." படத்திலிருந்து நிமிராமலே பேசினார். "நீங்க அவர் கையைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவங்க. அதான் கேக்கறேன், வேற யாரையும் கேக்க முடியாது. மத்த படத்துல எல்லாம் முகமா போட்டிருக்காரு. சந்தையில காய்கறி விக்கறவ, ரிக்‌ஷாக்காரன், எங்க வீட்டுக்குப் பால் ஊத்தினவ, அவ பல்லுகூட தெரியுது. பெத்த பொண்ணுக்கு மட்டும் ஏன் முதுகு? முப்பது வருஷமா தினம் காலையில எழுந்து இதைத்தான் பாக்கறேன். என்னைப் பார்த்தாருன்னு சந்தோஷப்படறதா, என் முகத்தைப் பாக்கப் பிடிக்கலையேன்னு அழறதான்னு தெரியல. நான் கறுப்புன்னு எங்கம்மாவுக்குத்தான் குறை, அப்பாவுக்கும் அப்படித்தானோ?"

துரை செருமினான். ஏதோ ஆறுதலாகச் சொல்ல எடுத்தான், கலைஞர்கள் மனசு அப்படித்தாம்மா என்கிற மாதிரி. எனக்கு அவன் சொல்வது காதில் விழவில்லை. இரண்டு மாதமாக அலைந்து அலைந்து எங்கும் கால் ஊன்றாமல் இருந்த ஒன்று அந்த அம்மாளின் கேள்வியில் தரை தட்டி நின்றுவிட்டது. முதுகு ஏன் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. வரதப்பனாக இருந்தால் முகம் போட்டிருப்பார். துரையாக இருந்தால் கட்டாயம் போட்டிருப்பான், கல்லூரியில் முகம் என்றால் துரைதான், கேன்டீன்காரர் முகத்தைச் சுவரில் கரியால் போட்டு இலவசமாக ஒரு மாதம் டீ குடித்தவன். பம்பும் புளிசாதமும் எங்கேயோ போகட்டும். அந்தப் பள்ளத்தில் ஒரு பெண் தெரிந்த மூன்றாம் நாள், அவள் என்னைப் பார்க்கிற மாதிரி போடத்தான் ஊசியை எடுத்தேன், தகட்டின் பின்பக்கத்தில் நாலு தடவை கீறிப் பார்த்தேன், நாலும் பொம்மை மாதிரி வந்தது, பார்த்துக் கீற எதுவும் இல்லாமல் ஒரு முகத்தை எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் திருப்பி உட்கார வைத்துவிட்டேன். தகட்டைத் திருப்பிப் பார்த்தால் இருக்கலாம், முப்பத்தெட்டு வருடத் துருவுக்கு அடியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் திருப்பிப் பார்க்கவில்லை.

"உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. "அந்தப் பொண்ணை நான்தான் போட்டேன். படிக்கிறப்ப உங்கப்பா படத்தைப் பார்த்து இதைச் செஞ்சேன். எனக்கு அப்ப முகம் வரைய வராது. அதான் முதுகு."

துரை, "ஏய் குணா," என்றான். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பத்மினி அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார், பிடித்த இடத்தில் மை, அவர் விரலெல்லாம் கறுப்பாயிற்று, அவர் கவனிக்கவில்லை. நான் ஒரு மனுஷியிடமிருந்து அவள் அப்பாவைப் பறித்துவிட்டேனா, இல்லை திருப்பிக் கொடுத்துவிட்டேனா, எனக்கு இப்போதும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரியலாம் என்று பார்த்தேன். கோபமா, நிம்மதியா, ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடியும் ஒரு தடவை படத்தைப் பார்த்தார், அந்த மூலையை, முன்னால் பார்த்த மாதிரி இல்லாமல் தெரியாதவர் வீட்டுக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அப்ப வராதுன்னீங்களே," என்றார். "இப்ப வருமா?"

நான் பதில் சொல்வதற்கு முன் ஸ்டூலை இழுத்து ஜன்னல் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை என் பக்கம் திருப்பினார்.